கொங்கின் மேலைப் பெருவழி

கோவை மாநகருக்குத் தென்மேற்கே, சுண்டக்காமுத்தூரை அடுத்த மலைச்சரிவில் கல்வெட்டுள்ள பாறை ஒன்று இருக்கிறது. கோயில் மதிலில் உள்ள கல்வெட்டைப் போல அது பலர் கண்ணிலும் படுவதில்லை. நிலம் கொடுத்தது, விளக்கெரிக்க ஆடு விட்டது, பொன் வைத்தது என்று கல்வெட்டுகள் வழக்கமாகக் கூறும் செய்திகளும் அதில் இல்லை. சோழ வேந்தனை வாழ்த்தும் சிறு பாட்டு ஒன்றும் ஒரு சாலையின் பெயருமே அதில் உள்ளன. அச்சாலையின் பெயர் இராசகேசரிப் பெருவழி. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொங்கு நாட்டைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த முதலாம் ஆதித்த சோழன் காலத்தது அது என்று அறிஞர் கருதுவர்.

அப்பாறையில் நம் கருத்தைக் கவர வேண்டியது இன்னொன்று. செய்தி இருவகை எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று தமிழ் எழுத்து, மற்றொன்று வட்டெழுத்து. சோழ நாட்டில் தமிழ் எழுத்து வழங்கிய அந்நாளில் சேர நாட்டிலும் பாண்டி நாட்டிலும் வட்டெழுத்தே பெருவழக்காக இருந்தது. கிழக்கிலிருந்து வருபவனும் படிக்க வேண்டும். மேற்கிலிருந்து வருபவனும் படிக்க வேண்டும். அவ்வாறு எண்ணியே வழியமைத்தோர் இப்படிச் செய்திருத்தல் வேண்டும். பெருவழி என்பது ஒரு நாட்டார்க்கு மட்டும் உரியதன்று என்ற உணர்வு அதில் தெரிகிறது.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இம்மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுத வேண்டும் என்றபோது என் நினைவில் முதலில் தோன்றியது அப்பாறைதான். நாடுகளுக்கு இடையிலும் மாநிலங்களுக்கு இடையிலும் மறைந்துபோன பழைய வழிகளை மீண்டும் திறந்தால் வாணிகமும் நல்லுறவும் வளரும் என்ற பேச்சு இன்று உலகெங்கும் கேட்கிறது. அப்பேச்சைக் கொங்கு நாட்டில் நின்று எண்ணிப் பார்க்கலாம். நமக்கு மேற்கே ஒரு பழைய வழி உண்டு. வடக்கே ஒன்று உண்டு. இரண்டின் கதையும் ஒன்றல்ல.

கணவாயும் வாணிகமும்

மேற்குத் தொடர்ச்சி மலை கொங்கு நாட்டின் மேலெல்லையில் நெடுஞ்சுவர்போல் நிற்கிறது. வடபால் நீலகிரி, தென்பால் ஆனைமலை. இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு மலை விலகி நிற்கும் இடமே பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று கோவையைக் குளிர்விப்பது அவ்வாயில் வழியாகத்தான். காற்று வந்த வழியே மனிதரும் வந்தனர். ஏறி இறங்க மலையில்லாத இவ்வழியில் பொதிமாடும் வண்டியும் தடையின்றிச் சென்றன.

இவ்வழியின் தொன்மைக்குச் சான்றுகள் நொய்யல் கரை நெடுகிலும் கிடைக்கின்றன. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர் காலத்தவை. பின்னரும் அவ்வூரில் இத்தகைய புதையல்கள் வெளிப்பட்டன. கணவாய்க்கு அப்பால், திருச்சூர் மாவட்டத்து எய்யாலிலும் உரோமக் காசுப் புதையல் கிடைத்துள்ளது. மலையின் இருபுறத்தும் ஒரே நாணயம் கிடைப்பது தற்செயலாக நேர்ந்தது என்று கொள்வதற்கில்லை.

அக்காசுகள் எதற்கு விலையாக வந்தன என்பதைச் சென்னிமலைக்கு அருகே நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல் காட்டுகிறது. 1980-களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் அங்கே மணிகள் செய்யும் தொழிற்கூடங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. காங்கேயத்தை அடுத்த படியூர் பச்சைக்கல் உரோம நாட்டுப் பெண்டிர் விரும்பிய அணிகல்லாயிற்று. பதிற்றுப்பத்து கொடுமணத்தையும் கடற்கரைப் பந்தரையும் சேர்த்துப் பாடுகிறது. கொங்கின் உள்நாட்டு ஊர் ஒன்றும் சேரர் கடற்கரை ஊர் ஒன்றும் ஒரே பாட்டில் இணைவதற்கு, அவற்றை இணைத்த வழி இருந்திருக்க வேண்டுமல்லவா?

அவ்வழி கிழக்கே கரூர், உறையூர், காவிரிப்பூம்பட்டினம் என நீண்டது. மேற்கே கணவாயைக் கடந்து முசிறியை அடைந்தது. 2007-ஆம் ஆண்டு முதல் கேரளத்துப் பட்டணம் என்னும் ஊரில் நடந்த அகழாய்வுகளில் உரோமச் சாடி ஓடுகளும் மணிகளும் பெருந்தொகையாகக் கிடைத்தன. முசிறி அங்கேதான் இருந்தது என்று பலரும் கருதுகின்றனர். முசிறியில் ஏற்றிய சரக்கைக் குறித்துக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒப்பந்தச் சுவடி ஒன்று இன்று வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகிறது. இந்தியப் பண்டங்களுக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் வெளியேறுகிறதே என்று பிளினி வருந்தி எழுதினார். அவர் வருந்திய பணத்தில் ஒரு பகுதி வெள்ளலூர் மண்ணில் புதைந்து கிடந்தது.

கரூருக்கு அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேரர் மூன்று தலைமுறையினரின் பெயர்களைக் கூறும் பழங்கல்வெட்டு உள்ளது. மேலைக் கடற்கரையை ஆண்ட குடியே காவிரிக் கரையிலும் கோலோச்சியது என்பதற்கு அது சான்று. மலை அவர்களுக்கு எல்லையாக இருக்கவில்லை. கணவாய் அவர்கள் நாட்டின் நடுவே அமைந்த வாயிலாக இருந்தது.

வழியைக் காத்தவர்கள்

கணவாய் இயற்கை தந்தது. வழி மனிதர் தந்தது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. இயற்கை தந்த வாயில் என்றும் திறந்தே இருக்கும். மனிதர் தந்த வழி, காப்பார் இருக்கும்வரைதான் திறந்திருக்கும்.

இடைக்காலத்தில் வழியைக் காக்கும் பொறுப்பை அரசரோடு வணிகக் குழுக்களும் ஏற்றன. நானாதேசித் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்று தம்மை அழைத்துக்கொண்ட பெருங்குழுவினர் தென்னாடு முழுவதும் கடல் கடந்தும் வாணிகம் செய்தனர். அவர்கள் தமக்கென வீரர்களை வைத்திருந்தனர். சரக்கு இறக்கித் தங்கும் தாவளங்களை அமைத்தனர். தருமபுரிப் பக்கத்து அதியமான் பெருவழியில் கிடைத்த காதக் கற்கள், அவ்வாறான தாவளம் ஒன்றுக்கு எத்தனை காதம் என்று தொலைவைக் குறிக்கின்றன. அக்கற்களில் எண் எழுதப்பட்டிருப்பதோடு, அதே எண்ணைக் காட்டும் குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. பத்துக்குப் பெரிய குழி. ஒன்றுக்குச் சிறிய குழி. எழுத்தறியாத மாட்டுக்காரனும் விரலால் தடவித் தொலைவை அறிந்துகொள்ளலாம். சுண்டக்காமுத்தூர்ப் பாறை இரு நாட்டாரையும் எண்ணியது. தருமபுரிக் கல் எழுத்தறியாதவனையும் எண்ணியது.

வழியை அடைப்பதற்கும் அரசுகளால் முடியும். சுங்கம் அவற்றுள் முதன்மையான தடை. கி.பி. 1070-இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனின் எத்தனையோ வெற்றிகள் மக்கள் நினைவிலிருந்து மறைந்தன. ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பட்டம் மட்டும் நிலைத்தது. வழியில் கையேந்தி நிற்கும் அதிகாரத்தை ஒருவன் நீக்கினான் என்பதே மக்களுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. கோவைத் திருச்சி சாலையில் சுங்கம் என்றே ஓரிடம் இன்றும் வழங்குகிறது. அவ்வழியே நாள்தோறும் செல்வோரில் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

எல்லை வந்த கதை

பாலக்காட்டுக்கும் கோவைக்கும் இடையே மாநில எல்லை என்பது மிகப் பழையது என்று இளைஞர் பலர் நினைக்கின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஐதர் அலி 1766-இல் பாலக்காட்டில் கோட்டை கட்டியபோது அவர் கையில் கொங்கும் இருந்தது. திப்புவிடமிருந்து 1792-இல் மலபாரையும் 1799-இல் கோவையையும் ஆங்கிலேயர் பெற்றனர். 1800-ஆம் ஆண்டு முதல் இரண்டும் சென்னை மாகாணத்தின் மாவட்டங்களாயின. கொச்சி அரசுக்குரிய சித்தூர்ப் பகுதி நீங்கலாக, வாளையாற்றைக் கடந்து செல்வது மாவட்டம் விட்டு மாவட்டம் செல்வதாகவே இருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் மலபார் கேரளத்தின் பகுதியாயிற்று. ஆயிரம் ஆண்டுப் பெருவழியின் நடுவே இன்றுள்ள கோடு விழுந்து எழுபது ஆண்டுகளே ஆகின்றன.

மொழிவழி மாநிலம் நாம் வேண்டிப் பெற்ற உரிமை. அதனைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆட்சிக்காக வரைந்த கோடு வாழ்க்கைக்கு வேலியாகிவிடக் கூடாது என்பதே நான் கூற வருவது. நம் பெரியநாயக்கன்பாளையத்திற்கு மேற்கே தெரியும் மலைகளுக்கு அப்பால் கேரளத்தின் அட்டப்பாடி இருக்கிறது. ஆனைகட்டியில் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் இருளர் ஒரே மொழி பேசுவோர், உறவின் முறையினர். மருத்துவத்திற்கும் சந்தைக்கும் அங்குள்ளோர் கோவையை நாடி வருகின்றனர். அவர்களுக்கு அவ்வெல்லை வரைபடத்தில் உள்ளதே அன்றி வாழ்க்கையில் உள்ளதன்று.

மூடியதும் திறந்ததும்

இருப்புப்பாதை பழைய பெருவழியின் மறுபிறப்பு எனலாம். 1862-இல் சென்னையிலிருந்து மேலைக் கடற்கரைப் பேப்பூர் வரை அது தொடர்ந்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட வழி பாலக்காட்டுக் கணவாய்தான். 1873-இல் போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்திற்குக் கிளைப்பாதை வந்தது. நம்மூர் வழியே செல்வது அதுதான். 1932-இல் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு மீட்டர் பாதை அமைந்தது. பழனிக்குச் செல்லும் மலையாள அடியவர்க்கும், பொள்ளாச்சிச் சந்தைக்கு வரும் வணிகர்க்கும் அது பெரிதும் உதவியது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2008-இல் மூடப்பட்ட அப்பாதை 2015-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. தண்டவாளம் புதிதாயிற்று, ஆயினும் முன்பு ஓடிய வண்டிகள் பல திரும்பவில்லை என்பது பயணிகள் தொடர்ந்து எழுப்பிவந்த குறை. பாதை திறப்பது வேறு, போக்குவரத்துத் திறப்பது வேறு என்பதற்கு இது நம் கண்முன் உள்ள பாடம்.

நெடுஞ்சாலையின் கதை இதற்கு மறுதலையானது. அங்கே சாலை எப்போதும் திறந்தே இருந்தது. அடைத்து நின்றது வரி. வாளையாறு வணிகவரிச் சோதனைச்சாவடியில் சரக்குந்துகள் நெடுந்தொலைவுக்கு வரிசையாக நின்ற காட்சியை அவ்வழிப் பயணம் செய்த எவரும் மறக்க மாட்டார்கள். காய்கறி வாடியது, ஓட்டுநர் சாலையோரத்தில் சமைத்து உண்டார், வாடகை நாள் கணக்கில் ஏறியது. 2017 சூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் மாநில வணிகவரிச் சாவடிகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. அவ்வரியின் நிறைகுறைகளைப் பொருளியலார் ஆராயட்டும். எல்லையில் நின்ற அந்த வரிசை நீங்கியது ஒரு பழைய பெருவழி திறக்கப்பட்டதற்கு ஒப்பானது என்பதை மட்டும் வரலாறு குறித்துக்கொள்ளும். கல்லும் மண்ணும் கொட்டாமல், ஓர் அரசாணையால் திறந்த வழி அது.

திறந்த வழி மீண்டும் மூடவும் கூடும். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் வாளையாற்றில் தடுப்புகள் எழுந்தன. மே மாதத்தில் ஊர் திரும்ப வந்தோர், அனுமதிச்சீட்டு இல்லாமையால் எல்லையில் வெயிலில் காத்துக் கிடந்தனர். நோயைத் தடுக்கும் தேவையை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தொலைவு எட்டாத் தொலைவாக மாறுவதற்கு ஒரே இரவு போதும் என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

வடக்கு வழி

மேற்கு வழியைத் திறந்து வைக்க வேண்டும் என்ற வாதம் எளிது. வடக்கு வழியைப் பற்றி அவ்வாறு கூற முடியுமா?

கோவையிலிருந்து மைசூருக்குச் செல்லும் பழைய வழிகளுள் தலையாயது கஜலட்டிக் கணவாய் வழி. பவானி ஆற்றைக் கடந்து, மோயாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே ஏறி மைசூர்ச் சமவெளியை அது அடைந்தது. வணிகர் மட்டுமன்றிப் படைகளும் அவ்வழியே வந்தன. 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் தன் பெரும்படையுடன் இறங்கி வந்து சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயரைத் தாக்கியது இக்கணவாய் வழியாகத்தான். அடிவாரத்தில் வழியைக் காத்து நின்ற தண்டநாயகன் கோட்டை, பவானிசாகர் அணை 1955-இல் முடிந்தபோது நீருள் மூழ்கியது. நீர் வெகுவாக வற்றும் கோடைகளில் அங்கிருந்த பழங்கோயில் தலை தூக்குகிறது. மழை வந்ததும் மீண்டும் மறைகிறது.

மனிதர் கைவிட்ட அவ்வழியை வேறு பயணிகள் கைவிடவில்லை. நீலகிரிக்கும் சத்தியமங்கலம் காட்டுக்கும் இடையே யானைகள் வலசை செல்வது மோயாற்றுப் பள்ளத்தாக்கின் வழியாகவே. 2013-இல் சத்தியமங்கலம் காடு புலிகள் காப்பகமாயிற்று. இன்று மைசூருக்குச் செல்லும் திம்பம் மலைப்பாதையிலும், உயர்நீதிமன்ற ஆணைப்படி, 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. தாளவாடி உழவர்கள் தம் விளைபொருள் சந்தைக்குச் செல்லத் தடங்கலாகிறதே என்று போராடினர். அவர்கள் குறை உண்மையானது. இரவில் சாலையில் அடிபட்டு மடியும் உயிர்களின் குறையும் உண்மையானது. அவற்றுக்குப் போராடத் தெரியாது.

பாலக்காட்டுக் கணவாயிலும் இச்சிக்கல் இல்லாமலில்லை. மதுக்கரைக்கும் வாளையாற்றுக்கும் இடையே இருப்புப்பாதை காட்டை ஊடறுத்துச் செல்கிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் தொடர்வண்டி மோதி இறந்தன. அதன் பின்னர்த் தண்டவாளத்தின்கீழ் யானைகள் கடக்கச் சுரங்கவழிகள் அமைந்தன. 2024-இல் அவற்றின் நடமாட்டத்தை இரவும் பகலும் கண்டு எச்சரிக்கும் கருவிகள் நிறுவப்பட்டன. வழியை மூடாமலே வழியில் குறுக்கிடும் உயிரைக் காக்க இயலும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

ஆகவே பழமை ஒன்றே ஒரு வழியைத் திறப்பதற்குக் காரணமாகாது. அவ்வழி இன்று யாருக்குரியதாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். பாலக்காட்டு வழி இன்றும் மனிதர் வாழும் வழி. அதன் தடைகளை ஒவ்வொன்றாக நீக்குவது முறை. கஜலட்டி வழி யானையின் கைக்குப் போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்பது முறையன்று. அதன் வரலாற்றை எழுதி வைப்போம், வழியை விட்டுவிடுவோம்.

பிற இடத்துப் பாடங்கள்

இந்தியாவுக்கும் சீனத்துக்கும் இடையே சிக்கிம் மாநிலத்து நாதுலா கணவாய் 44 ஆண்டுகளுக்குப் பின் 2006-இல் வாணிகத்திற்குத் திறக்கப்பட்டது. குறிப்பிட்ட சில பொருள்களையே கொண்டுசெல்லலாம் என்ற கட்டுப்பாட்டால் அது பெரிதாக வளரவில்லை. 2020-இல் நின்றும் போயிற்று. ஸ்ரீநகர் - முசாபராபாத் சாலையில் 2005-இல் பேருந்தும் 2008-இல் சரக்கும் செல்லத் தொடங்கின. பணம் கைமாறாமல் 21 வகைப் பண்டங்களைப் பண்டமாற்றாக மட்டுமே பெறலாம் என்பது விதி. அதுவும் 2019 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. நமக்கு அணுக்கமான கடல்வழியில், நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணியர் கப்பல் தொடங்கிச் சில நாள்களிலேயே நின்றது. 2024-இல் மீண்டும் ஓடியது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? கொடியசைத்துத் திறப்பதால் வழி திறந்துவிடுவதில்லை. பணம் செலுத்த வகை வேண்டும். சரக்குத் தங்க இடம் வேண்டும். இருபுறத்து வணிகரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். பழங்கால ஐந்நூற்றுவர் அமைத்த தாவளம் இவற்றைத்தான் செய்தது. நாடுகளுக்கு இடையே பகையும் ஐயமும் இவற்றைத் தடுக்கின்றன. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே அத்தகைய பகை இல்லை. ஆற்றுநீரில் பிணக்குகள் உண்டு. அவற்றினிடையேயும் ஒப்புரவு உண்டு. 1970-ஆம் ஆண்டுப் பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தம் இரு மாநில வயல்களையும் நனைக்கிறது. கோவை மக்கள் பெருமையோடு பருகும் சிறுவாணி நீரின் அணை பாலக்காட்டு மாவட்டத்தில் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி இல்லாமல் கேரளத்து அடுப்புகள் எரியா. ஓணத் திருநாளுக்குக் கோவை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடும் வழக்கம் உண்டு. இவ்வளவு நெருக்கம் இருக்க, நம்மால் ஏன் செய்ய இயலாது?

நாம் செய்யத்தக்கவை

வாணிகத்தையும் வண்டிகளையும் அரசுகள் பார்க்கட்டும். இலக்கிய வட்டத்தாராகிய நமக்கும் இதில் பங்கு உண்டு.

முதலாவதாக, அந்தப் பாறையைக் காக்க வேண்டும். மலையடிவாரம் எங்கும் வீட்டுமனைகள் பெருகிவரும் இக்காலத்தில், ஆயிரம் ஆண்டு நின்ற கல் ஒன்று ஓர் இயந்திரத்தின் அரைமணி நேர வேலைக்குத் தாங்காது. கோவைகிழாரும் புலவர் செ. இராசுவும் தம் வாழ்நாளைச் செலவிட்டுக் கொங்கின் வரலாற்றைத் தொகுத்தளித்தனர். அதைப் படித்து மகிழ்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவர்களை அப்பாறைக்கு அழைத்துச் செல்வோம்.

இரண்டாவதாக, கொடுமணலையும் பட்டணத்தையும் தனித்தனி வரலாறாகப் படிப்பதை விடுவோம். இரண்டும் ஒரு வழியின் இரு முனைகள். இரு மாநில அறிஞரும் ஒரே மேடையில் அமர்ந்து பேசும் கூட்டம் ஒன்றை நம் வட்டம் பாலக்காட்டு நண்பர்களோடு சேர்ந்து நடத்தலாம்.

மூன்றாவது, எழுத்து. நம்மில் எத்தனை பேருக்கு மலையாள எழுத்துப் படிக்கத் தெரியும்? பொள்ளாச்சிச் சந்தையில் மாடு வாங்க வரும் பாலக்காட்டுக்காரர் தமிழில் விலை பேசுகிறார். பாலக்காட்டுக்குப் போகும் நாம் பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாமல் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறோம். ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் வாழும் அண்டை நாட்டாரின் எழுத்து நமக்குப் புரியாத கோலமாக இருக்கிறது. நம் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் ஓர் அரைமணி நேரம் அதற்கு ஒதுக்கினால் போதும். ஓராண்டில் படிக்க வந்துவிடும். வட்டெழுத்தும் தமிழ் எழுத்தும் ஒரே பாறையில் அருகருகே பொறிக்கப்பட்ட நாட்டில் அது பெரிய காரியமாகாது.

அடுத்த பத்தாண்டு மலர் வெளிவரும்போது, பாலக்காட்டு நண்பர் ஒருவரின் கட்டுரையும் அதில் இடம்பெற வேண்டும். அதை அவர் எழுத்திலேயே நம்மில் சிலரேனும் முதலில் படித்திருக்க வேண்டும். என் விருப்பம் இவ்வளவே.